அக்கா சொல்லித் தந்த பாட்டு

பண்டிகைப் பாட்டைப் பாட்டிதானே சொல்லித் தருவார்? ஹங்கேரியின் யூதப் பாட்டிகள் பலர் சொல்லித் தரவில்லை. காரணம், பயம்.

1944-ல் எட்டே வாரங்களில் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பலர், தாங்கள் யூதர் என்பதையே பிள்ளைகளிடம் மறைத்தார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்ததும், 1990-ல் சர்வாஷ் என்ற சிற்றூரில் யூதக் குழந்தைகளுக்குக் கோடை முகாம் தொடங்கியது. பல நாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு ‘மத்ரிக்’ என்று பெயர். ஹீப்ரு மொழியில் ‘வழிகாட்டி’. முன்பு இதே முகாமுக்குக் குழந்தைகளாக வந்தவர்களும் அவர்களில் உண்டு. வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் ஓய்வுநாள் பாடல்களையும் இந்த அண்ணன், அக்காக்களே சொல்லித் தருகிறார்கள்.

சில வீடுகளில், முகாமிலிருந்து திரும்பிய பிள்ளையிடம்தான் அம்மாவும் அப்பாவும் அந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டார்கள்!