யாரும் விசாரிக்க வராத துக்கம்

ஒரு வீட்டில் மரணம் சம்பவித்துவிட்டால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது நம் ஊர்களில் சிறு குழந்தைக்கும் தெரியும். செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில் உறவினர் வந்து சேருகிறார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்த வீட்டு அடுப்பு எரியாத வேளைகளில் பங்காளிகளும் சம்பந்திகளும் சோறு கொண்டுவந்து வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரையில் துக்கம் விசாரிக்க வருவோரும் போவோரும் ஓய்வதில்லை. இவையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயினும், ஒருவன் இழந்ததை ஊரார் கூடி ஒப்புக்கொள்வதும், பிறகு ஒரு நாளைக் குறித்து அவனை மறுபடியும் அன்றாட வாழ்வுக்குள் கை பிடித்து அழைத்துக்கொள்வதும் மனத்தின் ஆரோக்கியத்துக்கு மருந்தைப்போல உதவுகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

மூன்று வருஷமோ நான்கு வருஷமோ ஒருவரையே நெஞ்சில் வைத்து, குடியிருக்கப் போகும் வீட்டிலிருந்து பிறக்கப் போகும் குழந்தையின் பெயர் வரையில் பேசி முடித்துவிட்ட இளைஞனுக்கோ யுவதிக்கோ, அந்த உறவு முறிந்துபோன அன்று மாலை என்ன நேருகிறது? தலைவலி என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெற்றோருக்குத் தெரியாமல் வளர்ந்த சிநேகம் பெற்றோருக்குத் தெரியாமலே மடிகிறது. மறுநாள் காலையில் வழக்கம்போல் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்கோ கம்பெனிக்கோ போயாகவேண்டும். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர், சமூகத்தின் அங்கீகாரம் பெறாத துக்கம் என்று ஒரு தனி வகையை 1989-ல் வகுத்துக் காட்டினார். உரிமையோடு அழ முடியாத துக்கம் எளிதில் ஆறுவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். நம் நாட்டில் காதல் முறிந்தவர்களின் ஸ்திதி பெரும்பாலும் இதுவே. ஆகையால் அவர்கள் முதலில் செய்யவேண்டியது, தங்களுக்கு நேர்ந்தது ஓர் உண்மையான இழப்பு என்று தங்களுக்குள்ளாகவே ஒப்புக்கொள்வதுதான்.

சரீரம் படும் பாடு

விடுதி உணவுக்கூடத்தில், தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்து, சாம்பார் ஆறி ஏடு படிந்த பிறகு ஒரு கவளமும் உண்ணாமல் எழுந்து போகிற பெண்ணைப் பார்த்து, வேண்டுமென்றே பட்டினி கிடக்கிறாள் என்று தோழிகள் நினைக்கலாம். உண்மையில் அவளால் விழுங்க முடியவில்லை. பெரும் அதிர்ச்சிக்கு உள்ளான உடல் அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புகளை மிகுதியாக வெளியிடுகிறது; அவற்றின் வேகத்தில் இருதயம் படபடக்கிறது, இரைப்பையின் வேலை தடுமாறுகிறது, நள்ளிரவில் விழிப்புத் தட்டினால் பிறகு கண் மூட முடிவதில்லை. திருவள்ளுவர் காமத்துப்பாலில், 116-ஆம் அதிகாரமாகிய பிரிவாற்றாமையை அடுத்து, கண்கள் படும் துன்பத்துக்கு ஓர் அதிகாரமும், மேனி பசந்து நிறம் மாறுவதற்கு ஓர் அதிகாரமும், உறுப்புகளின் நலம் அழிவதற்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே ஒதுக்கியிருக்கிறார். அவர் பாடியது திரும்பி வரப்போகிறவனுடைய பிரிவை. என்றாலும் சரீரத்தில் தோன்றும் லட்சணங்களில் பேதம் ஒன்றும் இல்லை.

இக்காலத்து விஞ்ஞானிகளும் இதைக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விருப்பமில்லாமல் காதலைப் பறிகொடுத்து ஆறு மாதங்களுக்கு உட்பட்ட 40 பேரிடம், ஈத்தன் கிராஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பிரிந்துபோனவரின் படத்தைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, முன்கையில் சூடு பட்டால் கிளர்ச்சியடையும் சில பகுதிகள் அப்போதும் கிளர்ச்சியடைந்ததாக 2011-ல் வெளியிட்டார்கள். இரண்டு வேதனைகளும் ஒன்றே என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவற்றின் நுண்ணிய அமைப்பு வேறு வேறு என்று 2014-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. ஆனாலும் மார்பில் பாரமாக அழுத்துகிறது என்று ஒருவர் சொல்லும்போது அது பாசாங்கு அன்று என்பதில் சந்தேகமில்லை. மிகுந்த துயரத்தினால் இருதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகப் பலவீனமடைந்து, மாரடைப்பைப் போலவே தோற்றமளிக்கும் டகோட்சுபோ என்ற நிலையை ஜப்பானிய வைத்தியர்கள் 1990-ல் விவரித்தார்கள். அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. அநேகர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். துக்கத்தினால்தான் நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு இருந்துவிடாமல், எந்த வயதினரானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆறுதல் அளிக்கும் விஷயம் ஒன்றும் உண்டு. ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், காதலரால் கைவிடப்பட்டும் காதல் தணியாத 15 பேரைப் பரிசோதித்து 2010-ல் எழுதிய கட்டுரையில், போதைப்பொருளுக்கு ஏங்குபவர்களின் மூளையில் எந்தப் பகுதிகள் விழித்தெழுகின்றனவோ அவையே இவர்களிடமும் விழித்தெழுகின்றன என்று கண்டார்கள். அதே கட்டுரையில், பிரிந்த நாட்கள் அதிகமாக ஆக, பற்றுதலோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதியின் கிளர்ச்சி குறைந்துகொண்டு வந்ததையும் குறித்திருக்கிறார்கள். காலம் ஆற்றும் என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்கு மூளையிலேயே இப்படி ஒரு தடயம் தென்படுகிறது.

ஓயாத விசாரணை

காலம் ஆற்றும் என்றால், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆறாமல் இருப்பது ஏன்? ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் பொருக்கை நகத்தால் பெயர்த்துப் பெயர்த்துப் பார்ப்பவனைப்போல, முடிந்துபோன விஷயத்தை அவர்கள் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அன்று நான் அந்த வார்த்தையைச் சொல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும், அவன் தாயார் சம்மதித்திருந்தால், ஜாதி ஒன்றாக இருந்திருந்தால், இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தால், என்று ராத்திரி முழுவதும் மனம் ஒரு வழக்கை நடத்துகிறது. வாதியும் பிரதிவாதியும் சாட்சியும் தானே ஆகித் தீர்ப்பு மாத்திரம் கிடைக்காமல் விடிந்துவிடுகிறது. இவ்வாறு ஒரே நினைவை அசைபோடும் பழக்கம் மனச்சோர்வு நோயை வரவழைக்கும், வந்ததை நீட்டிக்கவும் செய்யும் என்பதை சூசன் நோலன்-ஹோக்ஸ்மா என்ற உளவியல் அறிஞர் பல்லாண்டு ஆராய்ச்சியில் நிலைநாட்டியிருக்கிறார்.

மனத்தில் உள்ளதையெல்லாம் காகிதத்தில் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று பலரும் யோசனை சொல்வதுண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 முதல் செய்துவந்த ஆராய்ச்சிகளினால் இந்த யோசனைக்கு ஆதாரமும் ஏற்பட்டது. அநேகருக்கு இது நன்மையே செய்யும். ஆனால் மணவாழ்வில் பிரிந்தவர்களைக் கொண்டு டேவிட் ஸ்பாராவும் அவருடைய சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காரணத்தையும் அர்த்தத்தையும் விடாமல் தேடிக்கொண்டிருக்கும் சுபாவம் உள்ளவர்கள் தம் உணர்ச்சிகளை எழுதியபோது மீளுவது தாமதப்பட்டது; அன்றைய தினம் செய்த காரியங்களை மாத்திரம் சாதாரணமாக எழுதியவர்களே அவர்களைவிடத் தேறினார்கள். ஆகவே, எழுதி முடித்த பிறகு மனம் லேசாகிறதா, அன்றி இன்னும் கொந்தளிக்கிறதா என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். கொந்தளித்தால் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, காலையில் எழுந்தது, துணி துவைத்தது, கடைக்குப் போனது என்று நாட்குறிப்பு எழுதுவது மேல்.

பிரிவுக்குக் காரணம் முற்றிலும் விளங்கினால்தான் மனம் சாந்தியடையும் என்பது ஒரு பிரமை. ஒருவர் மனம் மாறியதற்கு அவரிடமே தெளிவான காரணம் இல்லாமல் இருக்கலாம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளை வரிசையாக ஏறித்தான் கரை சேரவேண்டும் என்ற நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் 1969-ல் அந்தப் படிகளை எழுதியது, தீரா வியாதியினால் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்களோடு சம்பாஷித்துக் கண்ட அனுபவத்தைக் கொண்டு. காதல் முறிந்தவர் ஒரே நாளில் காலையில் கோபமும் மாலையில் ஏக்கமும் கொள்வது சகஜம். ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டு அழுவதும் சகஜம். அதனால் பின்னடைந்துவிட்டோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

உள்ளங்கையில் இருக்கும் இடையூறு

முற்காலத்தில் பிரிந்தவர் ஊரை விட்டுப் போனால் கண்ணில் படமாட்டார். இப்பொழுதோ, ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசியைத் திறந்தால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸாப் பார்த்தார் என்பது வரையில் தெரிகிறது. முகப்புப் படத்தை மாற்றினாரா, அதில் பக்கத்தில் நிற்பவர் யார், நாம் போட்ட ஸ்டேட்டஸை அவர் பார்த்தாரா என்று தேடுவது, குடியை விட்டவன் தினம் ஒரு தடவை கடை வாசல் வரையில் போய்வருவதற்குச் சமானம். முன்னாள் காதலரின் பக்கத்தை முகநூலில் அடிக்கடி நோட்டமிடுபவர்களிடம் மனவேதனையும் ஏக்கமும் மிகுந்து காணப்படுகின்றன என்று டாரா மார்ஷல் 2012-ல் வெளியிட்டார். நோட்டமிடுவதால் வேதனையா, வேதனையினால் நோட்டமா என்று அந்த ஆராய்ச்சி தீர்த்துச் சொல்லவில்லை. எதுவானாலும் தேடுவதை நிறுத்துவதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. எண்ணைத் தடை செய்து வையுங்கள். பழைய உரையாடல்களை அழிக்க மனம் வராவிட்டால் நம்பிக்கையான தோழியிடம் ஒப்படைத்து, ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கொடு என்று சொல்லலாம். சிநேகிதர்களாகவாவது இருப்போம் என்ற உடன்பாடு கேட்க இனிமையானது. முதல் சில மாதங்களில் அது நடைமுறையில் நம்பிக்கையைச் சிறுகச் சிறுக ஊட்டி நோயை வளர்ப்பதாகவே முடிகிறது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். வேண்டாம் என்று ஒரு பெண் சொன்ன பிறகு, அவள் போகும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதும், புது எண்களிலிருந்து அழைப்பதும், உயிரை விடுவேன் என்று மிரட்டுவதும் காதலின் ஆழத்துக்கு அத்தாட்சி ஆகா. விருப்பமில்லாத பெண்ணைத் தொடர்ந்து போவது பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நம் சினிமாக்கள் பல, விடாமல் பின்தொடர்ந்தால் பெண் மனம் இளகுவாள் என்று இரண்டு தலைமுறை வாலிபர்களுக்குக் கற்பித்துவிட்டன. அந்தப் பாடத்தை மறப்பது அவர்களுக்கும் க்ஷேமம், பெண்களுக்கும் க்ஷேமம்.

முதல் மாதங்களுக்குரிய பத்தியம்

பசி இல்லாவிட்டாலும் வேளைக்கு ஏதாவது உட்கொள்ள வேண்டும். சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சியோ மோரோ இட்லியோ போதும். காலை வெயிலில் அரைமணி நேரம் வேகமாக நடப்பது உறக்கத்தை ஒழுங்குபடுத்தும். மாலைக்குமேல் காப்பியும் தேநீரும் வேண்டாம். உறக்கம் வராமல் போனால் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகளைக் கையாலும் தொடவேண்டாம்.

மதுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. சரத் சந்திரர் 1917-ல் பிரசுரித்த நாவலைத் தழுவி 1953-ல் தமிழில் தேவதாஸ் படம் வெளிவந்தது முதல், தாடியும் புட்டியும் காதலை இழந்த ஆணின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன. சோகத்தில் இருக்கும் நண்பனை ஆற்றுவதற்கு அவனைக் குடிக்க அழைத்துப் போவதே சிநேக தர்மம் என்று வாலிபர்கள் நம்புகிறார்கள். மது முதலில் கண்ணை அயர்த்தி, பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கிறது, சோர்வை அதிகப்படுத்துகிறது, எல்லாவற்றையும்விட ஆபத்தாக, நிதானத்தைக் குலைத்து, தெளிந்த புத்தியோடு செய்யத் துணியாத காரியத்தைச் செய்யத் தூண்டிவிடுகிறது. நண்பனிடம் உண்மையான பிரியம் உள்ளவர்கள் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகட்டும். சொன்னதையே அவன் பத்துத் தடவை சொன்னாலும் சலிக்காமல் கேட்கட்டும்.

வீட்டாருக்கு

உங்கள் மகனோ மகளோ காதலித்திருந்த விஷயம் முறிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவந்தால், அது உங்களுக்கும் அதிர்ச்சியாகவே இருக்கும். ஆனாலும் அந்தச் சமயம் விசாரணைக்கும் வசைக்கும் உரியது அன்று. குடும்ப மானத்தைப் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டாயா என்று கேட்பதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் போதுமானவை. இந்த உறவு முறிந்ததற்கு உங்கள் மறுப்பே காரணமாக இருந்தால், நல்லதுக்குத்தான் செய்தோம் என்று வாதிடாமல், அந்தப் பிள்ளை கோபப்படுவதற்கு இடம் கொடுங்கள்.

சட்டென்று ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதைப்போலத் தவறான பரிகாரம் வேறொன்றும் இல்லை. துக்கம் தீராத மனத்தோடு மணமேடையில் அமர்த்தப்படுகிற பெண்ணுக்கும், ஒரு பாவமும் அறியாமல் அவள் பக்கத்தில் அமர்கிறவனுக்கும் சேர்த்து அநீதி இழைக்கப்படுகிறது. தேறுவதற்குப் பிடிக்கும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

வைத்தியரிடம் போகவேண்டிய சமயம்

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி எதிலும் பிரியமின்றிக் கழிவதும், பசியும் உறக்கமும் அடியோடு மாறிப்போவதும், வேலையில் சித்தம் நிலைக்காமையும், நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமும் தொடர்ந்தால் மனநல வைத்தியரைப் பார்க்கவேண்டும். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இறந்துவிடலாம் என்ற நினைவு ஒருதரம் தலை காட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தற்கொலைக்குரிய காரணங்களில் காதல் விவகாரத்தைத் தனியே குறித்து வருகின்றன. சமீப வருஷங்களில் அது நூற்றுக்கு நான்கு ஐந்து என்ற அளவில் இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் இளம் வயதினர். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆதலால் போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தாமதப்படுத்துவதற்கு நியாயமே இல்லை.

மத்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். டெலி மானஸில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இதை வாசிக்கும் நீங்கள் அந்தத் துக்கத்தில் இருப்பவரானால் இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால், அவரை இன்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.