யூ ஜாயிண்டுக்கு கிரீஸ் அடித்தாயிற்றா?

சூரியநெல்லியிலிருந்து கொலுக்குமலைக்கு ஏறும் பாதையில் தார் கிடையாது. உருண்டு கிடக்கும் கல்லும் மழை அரித்த பள்ளமும்தான். மலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜீப் ஏறும் வழியோ கேரளப் பக்கம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகள்தான் அதில் ஏறி இறங்குகின்றன. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏற, எதிர்ச்சக்கரம் பள்ளத்தில் இறங்க, ஆக்சில் ஓயாமல் சாய்ந்து நிமிர்கிறது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேஸிஸோடு பிணைந்தவை. ஆக்சில் ஸ்பிரிங் பட்டையோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுவது. இடத்தைவிட்டு அசையாத ஒன்றிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கும் இன்னொன்றுக்கு சுழற்சியைக் கொண்டுபோக வேண்டும். அதைச் செய்வது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புச் சிலுவை. பட்டறையில் அதைக் கிராஸ் என்பார்கள். கிராஸும், அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் யோக்குகளும் சேர்ந்ததுதான் யூ ஜாயிண்ட்.

இந்த ஏற்பாடு காருக்கு முன்பே வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹுக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக இது மாறியது 1903-இல், அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் காப்புரிமை பெற்றபோதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். அன்றைய கார்கள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி. புழுதியும் சேறும் அப்பி அது சீக்கிரம் தேய்ந்துபோகும். அந்த இடத்தில் மூடிய ஜாயிண்ட் வைத்த ஷாஃப்டைக் கொண்டுவந்தார் ஸ்பைசர். அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியில் தயாரிப்பைத் தொடங்கினார். 1941-இல் வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பில், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு புரொபெல்லர் ஷாஃப்டுகள்; ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு ஜாயிண்ட். 1947-இல் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியதும் வில்லிஸ் ஜீப்பைத்தான்.

அந்த ஜாயிண்டின் மேல் விழும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வில்லிஸில் முதல் கியர் இன்ஜினின் முறுக்குவிசையை 2.66 மடங்காக்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியரைப் போட்டால் அது மேலும் 1.97 மடங்காகிறது. ஆக, கல்லுப் பாதையில் ஊர்ந்து ஏறும்போது ஷாஃப்டுக்கு வரும் விசை இன்ஜின் தருவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். முன் சக்கரம் இரண்டும் பிடியில்லாமல் வழுக்கினால், ஏறக்குறைய மொத்தமும் பின் ஷாஃப்டின் தலையில்தான்.

இந்த ஜாயிண்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஷாஃப்ட் சாய்ந்திருக்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். பத்து டிகிரிச் சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். முப்பது டிகிரியில் பதினைந்து சதவீதத்தைத் தொட்டுவிடும். இதைச் சமன் செய்யத்தான் ஷாஃப்டின் மறுமுனையில் இரண்டாவது ஜாயிண்ட்: முதல் ஜாயிண்ட் முந்தும் நேரத்தில் இது பிந்தி, கணக்கைத் தீர்த்துவிடும். அதற்கு ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். இரு முனையிலும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் நடுவே நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயிண்டைக் கழற்றிவிட்டு, ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அந்த நேர்மை கெட்டுவிடும். வில்லிஸ் அளவு டயரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,200 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு எழுபதுக்கும் மேற்பட்ட உதறல்கள். புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிர்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கிராஸின் நான்கு காலிலும் ஆளுக்கொரு கப். கப்பின் உள்சுவரை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் இரும்பு ஊசிகள் வரிசையாக நிற்கும். இவை முழுச்சுற்று உருள்வதில்லை. சாய்வு அனுமதிக்கும் அளவுக்கு முன்னும் பின்னும் சற்றே அசைவதோடு சரி. ஷாஃப்ட் துளியும் சாயாமல் நேராக இருந்தால் அந்த அசைவும் நின்றுபோகும். அப்போது ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தில் நின்று அழுத்திக்கொண்டே இருக்கும். கிரீஸ் அந்த இடத்தைவிட்டு ஒதுங்கிவிடும். அதனால்தான் வண்டியை வடிவமைப்பவர்கள் ஷாஃப்டை வேண்டுமென்றே ஓரிரு டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். தேய்ந்த கிராஸைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசி நின்ற இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்படும். பெரும்பாலான கிராஸ்கள் பாரம் தாங்காமல் உடைவதில்லை, காய்ந்துதான் போகின்றன என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

ஆகவே கிரீஸ். லித்தியம் வகை, இரண்டாம் எண் கிரீஸ் போதும். கிரீஸ் கன்னை கிராஸில் உள்ள நிப்பிளில் பொருத்தி, நான்கு சீல் வழியாகவும் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, புதிது எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால், அந்தக் கால் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்டை முன்பின் ஆட்டி, சுழற்றி, மறுபடி அடித்துப் பாருங்கள். வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கு ரோட்டில் ஓடும் வண்டிக்கானது. ஆற்றில் இறங்கிய வண்டிக்கு அன்று மாலையே அடித்துவிடுவது நல்லது. கப்புக்குள் புகுந்த தண்ணீரை வெளியே தள்ள வேறு வழியில்லை. நிப்பிளே இல்லாத சீல் வகைக் கிராஸும் கிடைக்கிறது. உள்ளே துளை போடாததால் அதற்குப் பலம் அதிகம். ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் புழங்கும் வண்டிக்கு நான் நிப்பிள் வைத்ததையே சொல்வேன்.

கிராஸ் கெடப்போகிறது என்பதை வண்டி முன்கூட்டியே சொல்லிவிடும். மெதுவாகப் போகையில் அடியிலிருந்து குருவி கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம் வேகத்தோடு கூடிக் குறையும். கப்பின் விளிம்பில் செம்மண் நிறத்தில் துருப்பொடி படியும். அடுத்து, கிளச்சை விட்டு வண்டி நகரும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டக்' என்று ஓர் அடி கேட்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் யோக்கையும் மறுகையால் ஷாஃப்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் மொத்தமாகக் கொஞ்சம் சுழல்வது ஆக்சிலுக்குள் உள்ள கிரவுன் பினியன் பற்களின் இடைவெளியால். அதற்குப் பயப்பட வேண்டாம். யோக்குக்கும் கிராஸுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஷாஃப்டை எடுத்துவிட்டால், கியரில் நிற்கிறது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பழைய ஜீப்பிலும் லேண்ட் ரோவரிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது. பின் ஷாஃப்ட் கழன்றதும் அந்தப் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. சமதளம் பார்த்து நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அடியில் நுழைய வேண்டும். சோம்பலுக்கு இங்கே இடமே கிடையாது.

ஷாஃப்ட், யோக், ஸ்லிப் ஜாயிண்ட் மூன்றிலும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றியதும் ஷாஃப்டைத் தொங்கவிடாமல் தாங்கி இறக்கி, வைஸில் வையுங்கள். கப்பைப் பிடித்திருக்கும் லாக்குகளை எடுத்துவிட்டு, கப்பைவிடச் சிறிய சாக்கெட் ஒரு பக்கம், கப் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் மறுபக்கம் என வைத்து வைஸை இறுக்கினால், பழைய கப் நோகாமல் வெளியே வரும். ஷாஃப்டின் குழாயில் சுத்தியல் படவே கூடாது. சிறு நெளிவு போதும், பேலன்ஸ் போய்விடும்.

புதுக் கப்பை ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். உள்ளே கொஞ்சம் கிரீஸ் பூசினால் ஊசிகள் சுவரோடு ஒட்டி நிற்கும். எங்காவது ஓர் ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால், கப் கடைசி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகாது; லாக் உட்காரும் பள்ளம் முழுதாகத் தெரியாது. அந்த நேரத்தில் ஓங்கி அடிப்பவர் புது கிராஸை அங்கேயே கொன்றுவிடுகிறார். வெளியே எடுத்து, ஊசியை நிமிர்த்தி, மறுபடி ஏற்ற வேண்டும். நிப்பிள் கன்னுக்கு எட்டும் பக்கமாக இருக்கட்டும். லாக் உட்கார்ந்த பிறகு யோக்கின் காதில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் இறுக்கம் தளரும். இப்போது கிராஸ் எல்லாப் பக்கமும் விரலால் அசைக்கும் அளவுக்கு எளிதாகத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் பிடித்தால் வண்டியில் மாட்டாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பல வண்டிகளில் முன் ஆக்சிலின் இரு முனையிலும், சக்கரம் திரும்பும் இடத்தில், இன்னும் இரண்டு கிராஸ்கள் உண்டு. ஹப்பைப் பிரித்தால்தான் கழற்ற முடியும் என்பதால் யாரும் அவற்றை நினைப்பதே இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு, சிக்கிய வண்டியை ஆக்சிலரேட்டர் கொடுத்து எடுக்கப் பார்த்தால் முதலில் முறிவது அதுதான். சக்கரத்தை நேராக்கிவிட்டுக் கொடுங்கள்.

காட்டுப் பாதையில் பின் ஷாஃப்டின் கிராஸ் போய்விட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இரு முனையும் போல்ட்டால் பூட்டிய ஷாஃப்டாக இருந்தால் அதை முழுதாகக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, ஃபோர் வீலில் போட்டு, முன் சக்கரத்தின் இழுவையில் மெதுவாக ஓட்டலாம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே செருகும் வகை ஷாஃப்டில் இது நடக்காது. உருவியதும் ஆயில் கொட்டிவிடும். இறக்கம் என்றால் இப்படியே ஊர் வந்து சேரலாம். செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் சாய்ந்து முன் சக்கரம் வழுக்கும். அங்கே ஆட்களையும் சுமையையும் இறக்கிவிட்டு, கயிறு கட்டி இழுக்க இன்னொரு ஜீப்பை வரச் சொல்வதே சரி.