நாற்பதும் முப்பத்திரண்டும்

பெங்களூர் அணி ஜெயிக்குமா என்பதைவிட, எந்தக் கணக்கின்படி ஜெயிக்கும் என்பதில்தான் அல்சூர்த் தமிழர்களுக்குச் சண்டை.

பதினெட்டு ஆட்டங்களில் 40 புள்ளிகள். இரண்டாவதாக வந்த அணிக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்பது கால்பந்தில் சாதாரண விஷயமல்ல. ஐ.எஸ்.எல். போட்டியில் பெங்களூர் எஃப்.சி. முதன்முதலாகக் கலந்துகொண்ட 2017-18ல் இறுதியாட்டம் அதன் சொந்த மைதானமான கண்டீரவாவில் நடக்கப்போகிறது என்று தெரிந்தபோது, ஜோகுபாளையத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டார்கள். எதிரணி சென்னையின் எஃப்.சி.; அதாவது அந்த 32 புள்ளிக்காரர்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஜோகுபாளையத்தில் தமிழ் கேட்காத தெரு குறைவு. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். 1991ல் தொடங்கிப் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திரை விலகிய திருவள்ளுவர் சிலையும் அதே கரையில்தான். கொஞ்ச தூரத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முகாம்; அந்தச் சிப்பாய்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது பின்னாலேயே வந்த காண்டிராக்டர்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், சிப்பாய்கள் ஆகியோரின் கொள்ளுப்பேரன்கள்தான் இந்தத் தெருக்களில் பந்து உதைக்கிறார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தானிடமிருந்து இந்த வட்டாரம் எடுத்துக்கொண்ட விஷயங்களில் கால்பந்துக்கு இணையாக வேரூன்றியது வேறெதுவும் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

எனவே 2018 மார்ச் 17க்கு முந்தைய வாரம் டீக்கடை விவாதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. யார் ஜெயிப்பார்கள் என்பது ஒன்று. யார் ஜெயிக்க வேண்டும் என்பது மற்றொன்று. காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பர் 12ந் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. சென்னைக்குக் கை தட்டினால் பக்கத்து இருக்கைக்காரன் என்ன நினைப்பான்? பெங்களூருக்குக் கை தட்டினால் ஆம்பூரிலோ வேலூரிலோ இருக்கும் சித்தப்பா மகன் போனில் என்ன சொல்வான்? வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய தர்மசங்கடமாகத் தோன்றலாம். உள்ளூர் இளைஞர்களுக்கு அப்படி இல்லை என்பதே சுவாரசியம். வீட்டில் பேசுவது தமிழ், மைதானத்தில் போடுவது நீலச் சட்டை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதில் இருபது வயதுக்காரர்கள் தெளிவாக இருந்தார்கள். தடுமாறியவர்கள் அவர்களுடைய அப்பாக்கள்தான்.

இளைஞர் தரப்பின் வாதம் புள்ளிப் பட்டியல். அப்பாக்கள் தரப்புக்குக் கையில் கிடைத்த ஒரே ஆயுதம், 2017 டிசம்பர் 17 ஆட்டம். அன்று இதே கண்டீரவாவில் சென்னை 2-1 என்று ஜெயித்திருந்தது. கடைசி நிமிஷங்களில் வெற்றி கோலைப் போட்டவர் தனபால் கணேஷ். வடசென்னை வியாசர்பாடிப் பையன். வியாசர்பாடியைச் சென்னையின் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதும். அதே பட்டத்தைப் பெங்களூரில் சுமப்பது ஜோகுபாளையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள கௌதமபுரம். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோருடன் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கும் பேட்டை அது. ஒரு குட்டி பிரேசில்காரன் இன்னொரு குட்டி பிரேசிலின் வயிற்றில் அடித்துவிட்டான் என்ற வருத்தத்தில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்ததை மறுக்க முடியாது.

ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிஷத்தில் உதாந்தா சிங் அனுப்பிய பந்தைத் தரையோடு பாய்ந்து தலையால் முட்டினார் சுனில் சேத்ரி. 1-0. பட்டியல் கட்சி எழுந்து நின்றது. அதற்குப் பிறகு நடந்ததைச் சென்னையின் பிரேசிலியத் தடுப்பாளர் மைல்சன் ஆல்வெஸ் எழுதினார்: 17வது நிமிஷத்தில் ஒரு கார்னர், ஒரு தலை முட்டு; இடைவேளைக்குச் சற்றுமுன் இன்னொரு கார்னர், இன்னொரு தலை முட்டு. ஒரே மாதிரி இரண்டு முறை ஏமாறுவதற்குப் புள்ளிப் பட்டியலில் விளக்கம் கிடையாது. 67வது நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிஷங்களில் மிகு ஒன்றைத் திருப்பியும் பயனில்லை. 3-2. நாற்பது தோற்றது, முப்பத்திரண்டு ஜெயித்தது.

இந்தத் தோல்வி ஏன் இவ்வளவு வலித்தது என்பதைப் புரிந்துகொள்ள 2015 மே 31க்குப் போகவேண்டும். அணி தொடங்கியது 2013ல். முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம். அப்போது ஆட்டங்கள் அசோக் நகர் கால்பந்து மைதானத்தில் நடந்தன. அல்சூர்க்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட வீட்டுக் கொல்லை. பிறகு ஆட்டம் கண்டீரவாவுக்கு மாறியது. அங்கே இரண்டாவது பட்டத்துக்குக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும். எதிரே கொல்கத்தாவின் மோகன் பகான். அவர்களுக்கு டிரா போதும். ஜான் ஜான்சன் இடைவேளைக்கு முன்பே கோல் அடித்தார். 86 நிமிஷம் வரை பட்டம் பெங்களூரில் இருந்தது. கார்னரிலிருந்து வந்த பந்தை பெல்லோ ரசாக் முட்டினார். 1-1. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு தேசிய லீக் பட்டம் மோகன் பகானுக்குப் போனது.

அந்த மாலையில் அல்சூர்ப் பெரியவர்கள் சிலருக்குத் துக்கம் பாதிதான். இதைச் சொன்னால் நீலச் சட்டைக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அவர்களுக்கு எதிரிகள் மட்டும் அல்ல. இந்த ஊர்ப் பையன்களுக்குச் சோறு போட்ட கிளப்புகள். நாற்பதுகளின் இறுதியில் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையைக் கொல்கத்தாவில் 'பஞ்ச பாண்டவர்' என்றார்கள்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இவர்களில் தன்ராஜும் அகமது கானும் பெங்களூர்க்காரர்கள். 1949 தொடங்கித் தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அந்தக் கிளப்புக்குத்தான். அறுபதுகளில் மோகன் பகானின் ஓரத்தில் ஓடிய அருமைநாயகமும் இந்த ஊர்தான். 1962ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் இருந்தவர். எழுபதுகளில் உலகநாதன். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்ற 1956 அணியில் கெம்பையா. கொல்கத்தாவுக்கு ரயில் ஏறுவது அன்றைக்கு இங்கே ஒரு பையனின் வாழ்க்கையில் பள்ளி இறுதித் தேர்வைவிடப் பெரிய தேர்ச்சி.

இன்னும் பின்னால் போனால் பெருமை இன்னும் நீளும். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1937ல் பட்டாள அணிகளிடமிருந்து பறித்த இந்தியர் கிளப், பெங்களூர் முஸ்லிம்ஸ். சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில், 1948 ஜூலை 31 அன்று லண்டனில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அவரும் இந்த ஊர்தான். பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடிய அணி அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கி 1-2 என்று தோற்றது. நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. நம் தரப்பின் ஒற்றை கோல் அகமது கான் அடித்தது. பத்துக்கு ஒன்று என்பதில் அந்த ஒன்று எங்களுடையது என்று பேசக்கூடிய ஊர் இதுதான்.

பெரியவர்களின் கணக்கு வேறு என்பது இதிலிருந்து புரிந்திருக்கும். அவர்களிடம் கிளப் பட்டியல் கிடையாது, சந்தோஷ் டிராபி பட்டியல்தான் உண்டு. மைசூர் என்ற பெயரில் இந்த மாநிலம் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை அந்தக் கோப்பையை வென்றது. நான்கிலும் இறுதியில் தோற்றது வங்காளம். வங்காளத்தான் பெரியவன்தான், ஆனால் இறுதியாட்டத்தில் நம்மிடம் பேசமாட்டான் என்பது இவர்களுடைய சித்தாந்தம். அதற்குப் பிறகு 54 வருஷம் கோப்பை வரவில்லை என்பதைச் சின்னவர்கள் சுட்டிக்காட்டினால் பேச்சு மழை, குடிநீர், மெட்ரோ என்று திசை மாறும். 2023 மார்ச் 4 அன்று கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று அந்த வறட்சியை முடித்தது. ஆனால் அது நடந்தது சவுதி அரேபியாவின் ரியாத்தில். அல்சூர்க்காரர்களால் கைபேசியில்தான் பார்க்க முடிந்தது.

இடையில் நீலக் கட்சிக்கும் நல்ல நாட்கள் உண்டு. 2016 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில் நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியைக் கண்டீரவாவில் 3-1 என்று அனுப்பிவைத்து, இறுதிக்குப் போன முதல் இந்திய அணி என்ற பெயரை எடுத்தது பெங்களூர். தோஹாவில் ஈராக் விமானப்படை அணியிடம் 0-1. 2019ல் கோவாவைக் கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கேயின் தலை முட்டில் வீழ்த்தி ஐ.எஸ்.எல். கோப்பையும் வந்தது. 2022 டூரண்டு கோப்பை இறுதியில் மும்பைக்கு எதிராக முதல் கோலை அடித்த சிவசக்தி நாராயணன், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன். தெருவில் அவருக்குத் தனி ரசிகர் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை. அடுத்த மார்ச்சில் மறுபடி மோகன் பகானுடன் இறுதி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே சிவசக்தி காயத்துடன் வெளியேறினார். 2-2 என்று முடிந்து, பெனால்டியில் 3-4. கணக்குப் பார்க்கவே தெம்பில்லாத இரவு அது.

இந்தப் பின்னணியோடுதான் 2025 ஏப்ரல் 12 வந்தது. மீண்டும் மோகன் பகான், அதுவும் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில். இம்முறை பட்டியல் பகானுக்கு 56, பெங்களூருக்கு 38. பதினெட்டுப் புள்ளி பள்ளம். ஏழு வருஷத்துக்கு முன் 40-32 என்று முழங்கிய அதே ஆட்கள், இப்போது பட்டியல் என்பது வெறும் காகிதம் என்று வாதாடியதைக் கேட்க வேண்டுமே! அதற்கு ஆதாரமே 2018தான். எட்டுப் புள்ளி குறைவான சென்னை நம்மை நம் வீட்டில் வந்து அடிக்கவில்லையா? அந்த லாஜிக்படி பதினெட்டுப் புள்ளி குறைவு என்பது நல்ல சகுனம்.

வெறும் சகுனம் மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் இதே பகானைக் கண்டீரவாவில் 3-0 என்று துவைத்தாகிவிட்டது. பிளே-ஆஃப் ஆட்டத்தில் மும்பைக்கு ஐந்து கோல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக, கதை கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் முடிவு கட்டியபின், நாற்பது வயதுச் சேத்ரி தலையால் முட்டித் தீர்த்துவைத்தார். இந்தப் பருவத்தில் மட்டும் அவருக்கு 14 கோல். மறுபக்க வாதமும் வலுவானது. ஜனவரியில் கொல்கத்தாவில் பகான் 1-0 என்று ஜெயித்திருக்கிறது. அவர்கள் மாற்று ஆட்டக்காரர்களாக உட்காரவைப்பவர்களே மற்ற கிளப்புகளில் தினம் ஆடக்கூடியவர்கள். பணம் இருக்கும் இடத்தில் பெஞ்சு நீளமாக இருக்கும். கொல்கத்தாவுக்கு ஆள் அனுப்பிய பேட்டைக்கு இது தெரியாதா என்ன?

இவ்வளவு சண்டையிலும் அடியில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு. இது நம் அணி என்றால், இதில் நம் தெருப் பையன் எங்கே? ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் அணி வைத்திருந்த காலத்தில், பந்து நன்றாக உதைத்தவனுக்கு ஒரு தொழிற்சாலை வேலையும் சேர்ந்து கிடைத்தது. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். அல்சூரில் பல குடும்பங்கள் நிமிர்ந்தது அப்படித்தான். தொழில்முறை கிளப் வந்தபின் சம்பளம் பல மடங்கு கூடியது. ஆனால் போட்டி நாடு முழுவதிலும் இருந்து வருகிறது. மிஜோரமும் மணிப்பூரும் பையன்களை உருவாக்கும் வேகத்துக்கு, மைதானங்களைத் தொலைத்துக்கொண்டிருக்கும் ஒரு நகரத்துத் தெரு ஈடுகொடுப்பது கஷ்டம். கிளப்பின் மீது குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஜெயிப்பதற்காகத்தானே அணி! ஆனால் ரசிகன் மட்டும் உள்ளூரில் போதும் என்ற ஏற்பாடு எத்தனை நாள் ஓடும் என்பதை யோசிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

சால்ட் லேக்கில் 49வது நிமிஷத்தில் பகான் தடுப்பாளர் ஆல்பர்ட்டோ ரோட்ரிகெஸ் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளியபோது காகிதக் கட்சிக்கு உயிர் வந்தது. 72ல் சிங்லென்சானா கையில் பந்து பட்டது என்று பெனால்டி. ஜேசன் கம்மிங்ஸ் தவறவிடவில்லை. கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிஷத்தில் ஜேமி மெக்லாரன். 2-1. ஐம்பத்தாறு ஜெயித்தது.

ஆக, பட்டியல் ஒருமுறை பொய்யும் ஒருமுறை உண்மையும் சொன்னது. இரண்டு முறையும் பெங்களூருக்கு எதிராக. பெரியவர்கள் இதை ஜாதக விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். சின்னவர்கள் ஜாதகத்தை நம்புவதில்லை. பந்து சிங்லென்சானாவின் கையில் பட்டதா, அல்லது கை பந்தில் பட்டதா என்ற கட்டத்திலேயே அவர்கள் நிற்கிறார்கள்; பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.