நூறு யென் நாணயமும் நமது முதலும்

கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், கடையில் ஆட்கள் குறைந்திருந்த நேரம் பார்த்துத் தங்கச்சியின் மகன் வந்தார். தெல்தெனியவில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்துபவர். கையில் ஒரு காகிதம் இருந்தது.

"மாமா, எட்டு இலட்சம் லீசிங் எடுக்கப் போறேன். நீங்க பிணை நிக்கணும்."

"உட்காருங்க மகன். எதுக்கு இவ்வளவு?"

காகிதத்தில் நான்கு வீடியோ விளையாட்டு இயந்திரங்களின் படம். பழைய காலத்து மேசை வடிவம். மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வரும் விண்வெளிப் பூதங்களைக் கீழிருந்து சுடும் விளையாட்டு. "இப்ப எல்லாரும் பழசைத்தான் தேடுறாங்க மாமா. கொழும்பில நல்லா ஓடுது. இங்க ஒருத்தரும் இன்னும் போடல்ல" என்றார். ஓர் இயந்திரம் மூன்று இலட்சம், நான்கும் பன்னிரண்டு இலட்சம். நான்கு இலட்சம் அவரது சேமிப்பு. மீதி எட்டுக்குத்தான் என் கையொப்பம்.

பிணைக் கையொப்பம் எத்தனை குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது என்பதை வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. "ஒரு கிழமை தாங்க" என்றேன். அந்த ஒரு கிழமையில் அந்த விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். அது ஒரு வியாபாரக் கதையாகவே இருந்தது. மருமகனுக்குச் சொன்னதை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

வியாபாரியின் வீட்டில் பிறந்த விளையாட்டு

அந்த விளையாட்டின் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 1978இல் ஜப்பானில் டைட்டோ என்ற கம்பனி வெளியிட்டது. அந்தக் கம்பனியை 1953இல் டோக்கியோவில் தொடங்கியவர் மைக்கேல் கோகன், ஒடெஸாவில் பிறந்த ஒரு யூத வியாபாரி. ஆரம்பத்தில் வொட்கா விற்றார். அது நமக்கு ஆகாத சரக்கு. ஆனால் அதன் பின் அவர் கைவைத்தவை கவனிக்கத்தக்கவை. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள், காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பொக்ஸ் பெட்டிகள். பொருளை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் இலாபம். இயந்திரத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டால் அது ஒவ்வொரு நாளும் உழைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்த மனிதர் பிடித்துக்கொண்டது இந்தச் சூத்திரத்தைத்தான்.

விளையாட்டை உருவாக்கியவர் அங்கு வேலை செய்த தொமொஹிரோ நிஷிகாடோ என்ற பொறியியலாளர். இதற்கு முன் அவர் செய்த ஒரு துப்பாக்கி விளையாட்டை 1975இல் அமெரிக்காவின் மிட்வே கம்பனி உரிமம் வாங்கி, உள்ளே ஒரு நுண்செயலியைப் பொருத்தி மேம்படுத்தி வெளியிட்டது. 'என் சரக்கில் கைவைத்துவிட்டார்களே' என்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நுண்செயலியின் பலத்தைக் கண்டுகொண்டு, அதே வழியில் தானும் இறங்கினார். ஏறக்குறைய ஒரு வருடம் தனியாக இருந்து இயந்திரத்தின் உள் அமைப்பையும் விளையாட்டையும் செய்து முடித்தார்.

திரையில் ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, ஆக 55 பூதங்கள். கீழே நான்கு அரண்களும் ஒரே ஒரு பீரங்கியும். அவ்வளவுதான். முதலில் வந்த இயந்திரம் கறுப்பு வெள்ளை. வர்ணத் திரை போடுவதற்குப் பதிலாகத் திரையின் மேல் வர்ணக் கண்ணாடித்தாளை ஒட்டினார்கள். சிக்கனம் என்றால் இதுவல்லவா!

ஒரு குறையும் இருந்தது. 55 பூதங்களையும் ஒன்றாக நகர்த்த அந்தச் சிறிய நுண்செயலிக்குச் சக்தி போதவில்லை. அதனால் ஆரம்பத்தில் அவை மெதுவாக நகர்ந்தன. சுடச் சுட எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவை வேகமெடுத்தன. கடைசி ஒன்று ஓட்டமாக ஓடும். நிஷிகாடோ இதைப் பழுதென்று நினைத்து மறைக்கவில்லை. விளையாட்டை விறுவிறுப்பாக்குவது இதுதான் என்று கண்டு அப்படியே விட்டார். மக்கள் காசு போட்டதும் அந்த விறுவிறுப்புக்குத்தான்.

மறைக்கப்பட்ட குறை

குறையை மறைத்தால் என்னவாகும் என்பதற்கு என் கடையிலேயே ஒரு பாடம் உண்டு.

பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது நான் பாடசாலை மாணவன். வாப்பா புதிய நகரத்தில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். பழைய வாடிக்கையாளர்கள் பல திசைகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் பஸ் ஏறி எங்கள் கடையைத் தேடி வந்ததுதான் வாப்பாவின் உண்மையான முதல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் பெட்டிகளையும் கசெட்களையும் நான் விற்கத் தொடங்கினேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்குப் போட்டியாக 1979இல் நம்கோ கம்பனி வெளியிட்ட 'கெலக்ஸியன்' அவற்றில் தவறாமல் இருக்கும். கசெட்டின் மேல் '999 விளையாட்டுகள்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒரு கிழமை கழித்து ஒரு தகப்பன் தன் மகனுடன் வந்தார். பையன் ஒரு கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டுவந்திருந்தான். இருபத்து மூன்று விளையாட்டுகள்தான் வேறு வேறு. மற்றவையெல்லாம் அதே விளையாட்டு, பெயரும் வேகமும் மட்டும் மாறி இருந்தன.

"அச்சடிச்சது நாங்க இல்லையே" என்று நான் வாதாடினேன். கல்லாவில் இருந்த வாப்பா எழுந்து வந்தார். "வித்தது நாமதானே" என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். மீதமிருந்த கசெட்களின் மேல் '23 விளையாட்டுகள்' என்று என் கையாலேயே எழுத வைத்தார். விலையைக் குறைத்து விற்றோம், நஷ்டம்தான். ஆனால் அந்தப் பையன் இன்று ஓர் ஆசிரியர். தன் வீட்டுக்கு மின்விசிறி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை என்னிடம்தான் வாங்கினார். மொத்த வியாபாரி கைகழுவிவிட்டார் என்பது வேறு கதை.

நாணயத் தட்டுப்பாடு என்ற வதந்தி

மீண்டும் ஜப்பானுக்கு வருவோம். புதிய இயந்திரத்தைப் பார்த்த விளையாட்டு நிலையக்காரர்கள் ஆரம்பத்தில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. பின்னர் அது பற்றிக்கொண்டது. தேநீர்க் கடைகளில் மேசைகளை எடுத்துவிட்டு, மேசை வடிவ விளையாட்டு இயந்திரங்களைப் போட்டார்கள். இந்த ஒரு விளையாட்டுக்காக மட்டுமே புதிதாகக் கடைகள் திறக்கப்பட்டன. 1978 முடிவதற்குள் ஒரு இலட்சம் இயந்திரங்கள் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற ஒரு கதையும் உலகமெங்கும் பரவியது. மருமகனும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்த எவரும் இதை நம்பக் கூடாது. இயந்திரத்தில் விழும் நாணயம் அங்கேயே கிடக்காது. முதலாளி அதை எடுத்து வங்கியில் போடுவார், அது மீண்டும் சந்தைக்கு வரும். தட்டுப்பாடு எங்கிருந்து வரும்? உண்மையில் 1978, 1979 ஆண்டுகளில் அச்சிடப்பட்ட 100 யென் நாணயங்கள் அதற்கு முந்திய ஆண்டுகளைவிடக் குறைவு. ஒரு வியாபாரம் சூடுபிடிக்கும்போது அதைச் சுற்றி இப்படியான கதைகள் எழும். கதையைக் கேட்டு முதலைப் போடுகிறவர்தான் பிறகு அழுகிறார்.

அழவும் செய்தார்கள். பிள்ளைகள் பாடசாலையை விட்டு இயந்திரத்தடியில் நிற்கிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் குரல் எழுப்ப, 1979இல் அந்தத் துறையினரே தமக்குக் கட்டுப்பாடுகளை விதித்துக்கொள்ள நேர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மோகம் தணியத் தொடங்கிவிட்டது. முதலில் வந்தவர் சம்பாதித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கடைசியில் ஓடி வந்தவர் கையில் இயந்திரம் மிஞ்சியது.

இதற்கு நல்ல சாட்சி இன்று உலகம் அறிந்த நின்டெண்டோ கம்பனி. அவர்களும் 'ரேடார் ஸ்கோப்' என்ற விண்வெளிச் சுடுவிளையாட்டைச் செய்தார்கள். அமெரிக்கக் கிளை சுமார் 3,000 இயந்திரங்களுக்கு ஓடர் கொடுத்தது. கப்பலில் வந்து சேர்வதற்குள் சந்தை ஆறிவிட்டது. ஆயிரம் அளவில் விற்று, இரண்டாயிரம் அளவில் தேங்கி நின்றன. கம்பனியின் அமெரிக்கக் கிளையே மூடப்படும் நிலை. அப்போது ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம், இதே பெட்டிகளுக்குள் போட வேறொரு விளையாட்டைச் செய்யச் சொன்னார்கள். 1981இல் வெளிவந்த 'டொங்கி கொங்' அதுதான். பெட்டியை எறியாமல் உள்ளே இருந்ததை மட்டும் மாற்றித் தப்பித்தார்கள்.

மருமகனின் கணக்கும் என் கணக்கும்

கிழமை முடிந்து மருமகன் வந்தார். இந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு, கணக்கை எடுத்தோம்.

அவரது கணக்கு: ஓர் ஆட்டத்துக்கு 50 ரூபா, ஓர் இயந்திரத்தில் நாளுக்கு 40 ஆட்டம். நான்கு இயந்திரத்துக்கு நாளுக்கு 8,000 ரூபா. மாதத்தில் 25 நாள் என்றால் இரண்டு இலட்சம். ஆறு மாதத்தில் முதல் கைக்கு வந்துவிடும்.

என் கணக்கு: முதல் இரண்டு மாதம் புதுமைக்காக வருவார்கள். பிறகு பாதி என்று வையுங்கள். ஒரு இலட்சம். புதிய அறைக்கு வாடகை 25,000, மின்கட்டணம் 10,000, பையனுக்குச் சம்பளம் 35,000, பழுது பார்க்க ஒதுக்க 10,000. செலவு எண்பதாயிரம், மிச்சம் இருபதாயிரம். லீசிங் தவணை வட்டியோடு மாதம் முப்பதாயிரம் அளவில் வரும். ஆக ஒவ்வொரு மாதமும் பத்தாயிரம் ரூபா கையிலிருந்து போட வேண்டும். இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் அதே 50 ரூபாவுக்கு அரை மணித்தியாலம் விளையாடுவான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மருமகன் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வேணாமா மாமா?"

"வேணாம்னு சொல்லல்ல. நாலு வேணாம், லீசிங் வேணாம்."

சேமிப்பிலிருந்து ஒரே ஓர் இயந்திரம். அதுவும் உள்ளே விளையாட்டை மாற்றக்கூடிய வகை. இருக்கிற கடையின் மூலையிலேயே வைப்பது. புது வாடகை இல்லை, சம்பளம் இல்லை. நாளுக்கு வெறும் 15 ஆட்டம் நடந்தாலும் மாதம் 18,750 ரூபா. மின்சாரத்துக்கும் பழுதுக்கும் ஐயாயிரம் கழித்தால் 13,750. இரண்டு வருடத்துக்குள் மூன்று இலட்சமும் திரும்பும். தொலைபேசி திருத்தக் காத்திருப்பவர்தான் முதல் வாடிக்கையாளர். ஒரு இலட்சம் கையிருப்பாக இருக்கும். ஆறு மாதக் கணக்கு நன்றாக இருந்தால், இரண்டாவது இயந்திரத்துக்கு நானே பங்காளியாக வருகிறேன். இலாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு.

மூன்று நிபந்தனைகளும் வைத்தேன். பாடசாலை நேரத்தில் சீருடையுடன் வரும் பிள்ளைக்கு இயந்திரம் இல்லை. ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு. மூன்றாவதாக, மனிதனை மனிதன் சுடும் விளையாட்டு எதையும் அதில் போடக் கூடாது.

மூன்றாவதற்குக் காரணம் கேட்டார். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் முதலில் மனிதர்களை எதிரிகளாக வைக்கும் யோசனையும் இருந்ததாம். மனிதர்களைச் சுடுவது சரியல்ல என்று கம்பனி மறுத்ததால்தான், எட்டுக்கால் கடல்பிராணி போன்ற பூதங்கள் வந்தன. அந்த மறுப்பு அவர்களுடைய வியாபாரத்தை ஒரு சதமும் குறைக்கவில்லை. நமக்கோ வேறு நினைவுகளும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் கடைகளும் வீடுகளும் எரிந்து, ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் வந்த நாட்களில், பக்கத்து மனிதனையே படையெடுத்து வந்தவனாகப் பார்க்க வைத்தார்கள். மருமகனின் கடைக்குச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் நமது பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரே திரைக்கு முன் தோளோடு தோள் நின்று சுடுவதாக இருந்தால், அது பூதங்களாக மட்டும் இருக்கட்டும்.

அந்த விளையாட்டில் இன்னொரு நுணுக்கம். நம்மைக் காக்கும் நான்கு அரண்களும் எதிரியின் குண்டால் மட்டும் கரைவதில்லை. அடியில் நின்று நாம் சுடும் குண்டும் அவற்றைத் துளைக்கும். அவசரப்பட்டுச் சுடுபவர் தன் அரணைத் தானே அழிக்கிறார். பக்கத்துக் கடைக்காரனை விழுத்துவதற்காக அடிவிலைக்கும் கீழே விற்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மருமகன் ஓர் இயந்திரத்துக்கு முற்பணம் கட்டிவிட்டார். நான் பிணைக் கையொப்பம் இடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை ஆட்டம் என்று உள்ளதை உள்ளபடி அதில் எழுத வேண்டும். இன்ஷா அல்லாஹ், ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பி சொல்வதைக் கேட்டு மேற்கொண்டு முடிவெடுப்போம்.