சைகை அறியும் அறைகள் எமது வாழ்முறையை அறியுமா?

மனிதரின் கையசைவையும் நடையையும் தாமே விளங்கிக்கொண்டு விளக்கை ஏற்றும், மின்விசிறியைச் சுழற்றும், முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் உறவினருக்கு உடனே அறிவிக்கும் அறைகள் இன்று ஆய்வுகூடங்களைக் கடந்து விற்பனைப் பொருளாகிவிட்டன. 'நுண்ணறிவு அறைகள்' என்று இவற்றை அழைக்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ, பெற்றோர் மாத்திரம் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்கள் எமது வடக்கு, கிழக்கில் ஏராளம். அத்தகைய பிள்ளைகளுக்கு இவ்வறைகள் பெரும் ஆறுதலாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், கருவியை வாங்கி அனுப்புவதற்கு முன்னர் அது எவ்வாறு எம்மைப் பார்க்கிறது, எதனை விழுகை என்று கருதுகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இக்கருத்து புதியதொன்றல்ல. 1970களிலேயே அமெரிக்கரான மைரன் குரூகர், ஒருவரின் நிழலுருவம் திரையில் தோன்றி, அவரது அசைவுக்கேற்ப அங்குள்ள உருவங்களுடன் உறவாடும் கூடமொன்றை அமைத்தார். 1980 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ரிச்சர்ட் போல்ட் என்பவர், கதிரையில் அமர்ந்தவாறு சுவரை நோக்கி விரலை நீட்டி, 'அதை அங்கே வை' என்று சொன்னால் கணினி கீழ்ப்படியும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார். 'அது' எது, 'அங்கே' எங்கே என்பதைக் கணினி அவரது விரல் காட்டும் திசையிலிருந்தே அறிந்துகொண்டது. 1991 இல் மார்க் வைசர், கணினிகள் கண்ணுக்குத் தெரியாமல் அன்றாடப் பொருட்களுக்குள் கரைந்துவிடும் காலம் வரும் என்று எழுதினார். 1990களில் அதே மசாசூசெட்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடம், கமெராக்களின் மூலம் மனிதரைப் பின்தொடர்ந்து அவர்களது சுட்டுதலையும் பேச்சையும் விளங்கும் அறையொன்றை உருவாக்கியது. முதியோர் தமது வீட்டிலேயே தங்கி வாழ உதவும் நோக்குடன் ஜோர்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முழு வீடொன்றையே ஆய்வுக்கென அமைத்தது.

எமது பிராந்தியத்துக்கும் இதில் பங்குண்டு. குஜராத்தைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி, விரல் நுனிகளில் வர்ணப் பட்டிகளை அணிந்து, கழுத்தில் தொங்கும் சிறு கமெராவும் ஒளியெறி கருவியும் கொண்டு எந்தச் சுவரையும் திரையாக்கலாம் என்பதை 2009 இல் உலகுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் 'கினெக்ட்' என்னும் கருவியை விற்பனைக்கு விட்டதும், உடலசைவைப் பார்க்கும் கண் சாதாரண வீடுகளின் வரவேற்பறைக்கே வந்து சேர்ந்தது. 2017 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும் அது வகுத்த வழி நிலைத்துவிட்டது.

இன்றைய அறைகள் நான்கு வகையான கண்களைப் பயன்படுத்துகின்றன. முதலாவது, உடலின் வெப்பம் இடம்மாறுவதை உணரும் மலிவான உணரி. ஹோட்டல் நடைபாதைகளில் ஆள் வந்ததும் விளக்கெரிவது இதனாற்றான். இரண்டாவது சாதாரண கமெரா. மூன்றாவது, அகச்சிவப்பு ஒளியை வீசி ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று அளக்கும் ஆழக் கமெரா. கினெக்ட் இவ்வகையைச் சேர்ந்தது. நான்காவது ராடர். துறைமுகத்தில் கப்பல்களைக் கண்டறியும் அதே தத்துவம், மிகக் குறுகிய அலைகளுடன் ஒரு தீப்பெட்டியளவுக்கு ஒடுங்கி, மூச்சுவிடும்போது நெஞ்சு உயர்வதைக்கூட உணர்கிறது. வானொலி அலைகள் உடலில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, எதனையும் அணியாத முதியவரின் விழுகையைக் கண்டறியலாம் என்பதை மசாசூசெட்ஸ் நிறுவனத்தின் பேராசிரியை டினா கட்டாபியின் குழு 2015 இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் முன்னிலையில் செய்து காட்டியது.

இக்கண்கள் தருவது வெறும் புள்ளிகளையும் அலைகளையும் மாத்திரமே. அவற்றுக்குப் பொருள் கொடுப்பது, முன்னரே காட்டப்பட்ட உதாரணங்களிலிருந்து கற்ற மென்பொருளாகும். கினெக்ட் கருவிக்கு மனித உடலைப் பயிற்றுவிக்க ஏறத்தாழ 5 இலட்சம் அசைவுச் சட்டகங்கள் திரட்டப்பட்டன. வாகனம் ஓட்டுதல், நடனமாடுதல், உதைத்தல், ஓடுதல், பட்டியலிலிருந்து தெரிவு செய்தல் முதலியவை அவற்றுள் அடங்கும். விளையாட்டுக் கருவிக்கு அது போதும். விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கும் பாட்டியைப் புரிந்துகொள்ள அது போதாது. நாம் எழுப்ப விரும்பும் வினா இங்கேதான் பிறக்கிறது: எமது உடலின் மொழியை இவ்வறைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

இதனை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். திருகோணமலையில் உட்துறைமுகத்தை நோக்கியிருக்கும் உவர்மலை என்னும் ஓர்ஸ் ஹில்லில், முதிய தாய் ஒருவர் தனித்திருக்கும் வீட்டை மனதிற் கொள்வோம். மே மாதம் தொடக்கம் கச்சான் காற்று வீசும் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவதுண்டு. வெப்ப உணரி, சூழலின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டே மனிதரை அடையாளங் காண்கிறது. அறையே உடலளவு சூடாகிவிட்டால் அதன் பார்வை மங்கிவிடும். ராடருக்கு வெப்பம் தடையல்ல. ஆனால் நாள் முழுவதும் சுழலும் மின்விசிறியையும் யன்னல் வழியே வரும் காற்றில் அசையும் திரைச்சீலையையும் அது ஆள் நடமாட்டம் என்று எண்ணக்கூடும். குளிரூட்டிய, கதவடைத்த அறைகளில் சோதிக்கப்பட்ட கருவி, கதவு திறந்த எமது வீட்டில் தடுமாறுவதில் வியப்பில்லை.

அடுத்தது சைகை. மேலைநாட்டார் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து 'வா' என்று அழைப்பர். நாமோ உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை அசைத்து அழைக்கிறோம். தலையைப் பக்கவாட்டிற் சாய்த்து ஆட்டினால் எமக்கு அது 'ஆம்'. தலையை மேலுங் கீழும் அசைப்பதையே சம்மதம் என்று கற்ற இயந்திரத்துக்கு அது மறுப்பாகவும் தோன்றலாம். கையால் உணவருந்தும்போது எமது வலக்கை ஓய்வாக இருப்பதில்லை. மேலும், ஒவ்வோர் அசைவுக்கும் ஆற்றலைக் கொடுத்துவிட்டால், கருதாத அசைவும் கட்டளையாகிவிடும். தலையில் கை வைத்தால் எவரையும் சாம்பலாக்கும் வரம் பெற்ற பஸ்மாசுரன், ஆடலின் அபிநயத்தில் மயங்கித் தன் தலையிலேயே கைவைத்து அழிந்த புராணக் கதை, சைகைக் கருவிகளை வடிவமைப்போர் இன்றும் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையே நினைவூட்டுகிறது.

விளக்கு தவறாக எரிந்தால் சிறு தொல்லைதான். விழுகை தவறாகக் கணிக்கப்பட்டால் உயிர் போகலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து மரணிப்பதாகவும், அவர்களுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதமாக இருந்தனர். அப்பங்கு அதன் பின்னரும் உயர்ந்தே வருகிறது. எனவே இது ஆடம்பரப் பொருள் பற்றிய விவாதம் அன்று.

அறை விழுகையை எவ்வாறு கணிக்கிறது? உடலின் நடுப்பகுதி நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, எவ்வளவு விரைவாகத் தாழ்ந்தது, தாழ்ந்த பின் எவ்வளவு நேரம் அசைவின்றிக் கிடந்தது ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. கட்டிலும் கதிரையுமே வாழ்க்கையாக உள்ள நாட்டில் நிலத்தில் ஒருவர் கிடப்பது அநேகமாக ஆபத்தின் அறிகுறிதான். எமது நாட்டிலோ நிலம் படுக்கையாகவும் உணவு மேசையாகவும் வழிபாட்டுத் தலமாகவும் இருக்கிறது. பாயிற் படுத்து உறங்குவோர், சம்மணமிட்டு அமர்ந்து மரக்கறி நறுக்குவோர், சுவாமியறையில் விழுந்து வணங்குவோர் யாவரும் அக்கணக்கில் சந்தேகத்துக்குரியவராகின்றனர்.

முஸ்லிம் இல்லங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ஐவேளைத் தொழுகையில் கடமையான ரக்அத்துகள் 17. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸுஜூத்கள். ஆகவே கடமையான தொழுகைகளில் மாத்திரம் ஒருவரின் நெற்றி நாளொன்றுக்கு 34 தடவைகள் நிலத்தைத் தொடுகிறது. நீண்ட ஸுஜூதில் தரித்திருக்கும் கிண்ணியாவின் மூதாட்டியையும், மயங்கி முன்புறமாகச் சரிந்த ஒருவரையும் பிரித்தறிய இவ்வறைக்கு எவரேனும் பயிற்சி அளித்துள்ளனரா? முழங்கால் வலியினால் கதிரையில் அமர்ந்து குனிந்து தொழுவோரின் நிலை வேறு. ரமழான் மாதத்தில் ஸஹருக்கென வீடு முழுவதும் விடியுமுன் எழுகிறது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் சைவ இல்லங்களும் அவ்வாறே எழுகின்றன. வழமையான உறக்க நேரத்தைக் கற்று வைத்திருக்கும் கருவி இவற்றை நோயின் அறிகுறியென்று எண்ணி எச்சரிக்கை அனுப்பக்கூடும்.

தவறான எச்சரிக்கை தீங்கற்றது என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. டொரொன்டோவில் வேலையிலிருக்கும் மகனின் கைத்தொலைபேசி ஒரே வாரத்தில் பத்துத் தடவை காரணமின்றி ஒலித்தால், பதினோராவது தடவை அவர் அதனைப் பார்க்கமாட்டார்; அல்லது கருவியின் உணர்திறனைக் குறைத்துவிடுவார். உணர்திறன் குறைந்தால், கதிரையிலிருந்து மெதுவாகச் சரிந்து விழும் பாரிசவாத நோயாளியைக் கருவி காணாமல் விட்டுவிடும். முதியோரின் உண்மையான விழுகை பல வேளைகளில் மெதுவானது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் விழுகைத் தரவுத் தொகுப்புகளிற் பெரும்பாலானவையோ, ஆரோக்கியமான இளம் தொண்டர்கள் மெத்தையில் நடித்து விழுந்து பதிவு செய்தவை. எம்மவர் வணங்குவதையும் அறியாமல், முதியோர் விழுவதையும் சரிவர அறியாமல் ஒரு கருவி காவல் இருக்குமாயின், அது தருவது பாதுகாப்பு என்ற எண்ணத்தை மாத்திரமே.

அந்தரங்கம் பற்றியும் சிந்திக்க வேண்டும். வீட்டின் உட்பகுதி அந்நியர் பார்வைக்கு அப்பாற்பட்டது என்பது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரும் பேணும் மரபு. வெளியில் தலையை மூடிச் செல்லும் பெண், தன் வீட்டுக்குள் அவ்வாறிருக்க வேண்டியதில்லை. அங்கு கமெரா வைக்கப்படுமாயின் அப்படம் எங்கோ உள்ள நிறுவனமொன்றின் கணினிக்கும் செல்லக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவுகளையும் உடலடையாளத் தரவுகளையும் விசேட வகையினவாகக் கொள்கிறது. அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பின்போடப்பட்டன. அச்சட்டமும் ஒருவர் தமது வீட்டுத் தேவைக்காகச் செய்யும் தரவுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. அதாவது, மகன் தாயைக் கண்காணிப்பதற்குத் தாயின் சம்மதத்தைக் கேட்கும் கடமையைச் சட்டம் விதிப்பதில்லை. அதனைப் பண்பாடுதான் விதிக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்லாமல் அறையில் கண்ணொன்றைப் பொருத்துவது எவ்வளவு அன்பினால் விளைந்ததாயினும் அவர்களது கண்ணியத்துக்கு இழுக்காகும்.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. சைகையாலன்றி வேறெவ்வாறும் இயங்காத வீடு அவ்வேளைகளில் குருடாகிவிடும். சுவரில் ஆளியும், அயலவரின் தொலைபேசி இலக்கமும் எப்போதும் இருந்தாக வேண்டும்.

இவற்றைக் கூறுவதனால் நாம் தொழில்நுட்பத்தைப் புறக்கணிக்கச் சொல்கிறோம் என்று கொள்ளலாகாது. பேச இயலாதோருக்கும் கை நடுங்குவோருக்கும், தமது பேச்சுத் தமிழை இயந்திரங்கள் சரிவரப் புரிந்துகொள்ளாத எம் முதியோருக்கும் அசைவை அறியும் அறை உண்மையான துணையாகலாம். வாங்குவோர் விற்பனையாளரிடம் சில வினாக்களைக் கேட்டாக வேண்டும். இது கமெராவா, ராடரா? கணிப்பு வீட்டுக்குள்ளேயே நடக்கிறதா, தரவு வெளியே செல்கிறதா? பாய் விரிக்கும் இடத்தையும் தொழும் இடத்தையும் கருவிக்குத் தனியே குறித்துக் காட்ட முடியுமா? உதவிக்கு அழைக்கும் முன்னர் 'நலமா' என்று வீட்டிலிருப்பவரிடமே அது முதலில் கேட்குமா? மின்சாரம் நின்றால் மின்கலத்தில் எவ்வளவு நேரம் இயங்கும்?

அதனினும் மேலான பணி எமது பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இஸ்லாமியக் கற்கைகளுக்கான பீடமும் ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. எமது முதியோர் எவ்வாறு அமர்கின்றனர், எழுகின்றனர், தொழுகின்றனர், உறங்குகின்றனர் என்பதை அவர்களது முழுச் சம்மதத்துடன், முகம் பதியாத முறையில் பதிவு செய்து, திறந்த தரவுத் தொகுப்பாக உலகுக்கு அளிக்க இவ்விரு நிறுவனங்களும் இணைந்தால் இயலும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரு சமூகத்து முதியோரின் நம்பிக்கையே தேவை.

ஓர் இயந்திரம் எம் அசைவை அறியாதபோது, எம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி அது மறைமுகமாக எம்மைப் பணிக்கிறது. நிலத்தில் படுக்காதே, நீண்ட நேரம் குனியாதே, இரவில் எழாதே என்று அது வாய்திறந்து சொல்வதில்லை. ஒவ்வொரு பொய் எச்சரிக்கையாலும் சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் வணங்கிய விதத்திலேயே எம் மூத்தோர் இறுதிக் காலத்திலும் வணங்கவும், அவர்கள் உண்மையாகவே விழும் நாளில் உதவி தவறாமல் வந்து சேரவும் வேண்டுமாயின், இவ்வறைகளுக்கு எம்மைக் கற்பிக்கும் பொறுப்பை நாமே ஏற்றாக வேண்டும்.