நாய்க்கு ஐஸ்க்ரீம் கொடுக்கலாமா? முதலில் கவரைத் திருப்பிப் பாருங்கள்!

நீங்கள் ஐஸ்க்ரீம் கப்பைத் திறந்ததுமே, வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிடும் உங்கள் செல்ல நாய். அந்தப் பார்வைக்கு மசியாதவர்கள் யார்? 'ஒரு வாய்தானே!' என்று ஸ்பூனை நீட்டிவிடுகிறோம். அது சரியா?

வெறும் வெனிலாவை ஒருமுறை நக்கினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு, பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிக்காது. வாயு, வயிற்றுப்போக்கு வரலாம். கொழுப்பு அதிகமானால் கணையத்தில் அழற்சியும் ஏற்படலாம்.

இவை வேண்டவே வேண்டாம்

சாக்லேட்: இதிலுள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். டார்க் சாக்லேட்டில் ஆபத்து இன்னும் அதிகம்.

உலர் திராட்சை: சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம்.

ஐஸ் குச்சி: ஆசையில் அப்படியே விழுங்கிவிட்டால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

சுகர் ஃப்ரீ இன்னும் மோசம்!

'சர்க்கரைதானே கெடுதல்' என்று, தாத்தாவுக்காக வாங்கிய சுகர் ஃப்ரீ ஐஸ்க்ரீமை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத இது, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 1 கிராமே ஆபத்து. அளவு கூடினால் கல்லீரலும் பழுதாகும். கவரில் சைலிடால் என்றோ, 967 என்ற எண்ணாகவோ குறிப்பிட்டிருப்பார்கள்.

தெரியாமல் தின்றுவிட்டால்?

வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை அரை மணி நேரத்திலேயே தொடங்கலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காமல், அந்தக் கவரோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வைத்தியம் வேண்டாம்.

அப்போ என்ன கொடுக்கலாம்?

விதையும் தோலும் நீக்கிய தர்பூசணித் துண்டுகளை ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். வாழைப்பழத்தை மசித்து, தண்ணீர் கலந்து ஐஸ் ட்ரேயில் உறையவைக்கலாம். தயிர் ஒத்துக்கொள்ளும் நாய் என்றால் சர்க்கரை சேர்க்காத தயிரும் ஓகே. எதுவானாலும் ஓரிரு துண்டுகள் போதும்.

ஆனால், வெயிலுக்கு இதெல்லாம் மருந்தில்லை. நிழலும் கிண்ணம் நிறையத் தண்ணீரும்தான் முக்கியம். விடாமல் மூச்சிரைத்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடலைத் தண்ணீரால் நனைத்து, ஃபேன் காற்றில் வைத்துவிட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்த முறை அது உங்கள் கப்பையே பார்த்தால், குற்ற உணர்ச்சியே வேண்டாம். அதற்கென்று ஃப்ரீசரில் ஒரு தர்பூசணித் துண்டு இருக்கட்டும்!