பந்தயக் காரிலே தோட்பட்டி

பந்தயக் காரிலே சாரதியை இருக்கையோடு பிணைக்கும் தோட்பட்டிகள் எத்துணை உறுதியுடையனவாயினும், பூட்டப்படும் கோணம் பிழைப்பின் அவையே ஊறு விளைக்கும். பின்புறத் தரையிலே அவற்றைப் பூட்டினால், மோதலின்போது உடல் முன்னோக்கிப் பாய, பட்டியின் இழுவையிலுள்ள நிலைக்குத்துக் கூறு தோள்களைக் கீழழுத்தி முள்ளந்தண்டை நெரிக்கும். ஆதலின், அவை தோள்மட்டத்திலிருந்து ஏறக்குறையக் கிடையாகவே பின்செல்லல் வேண்டும். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதிகள் கீழ்நோக்கிய சாய்வு 45 பாகையை விஞ்சலாகாதென வரையறுத்து, 10 பாகைக்குள் அமைதலே நன்றென்கின்றன. இதற்கு உகந்த வழி, காரின் காப்புக் கூட்டோடு பற்றவைத்த குறுக்கு உருக்குக் குழாயிலே பட்டிகளைப் பூட்டுதலாம். நீண்ட பட்டி மிகுதியாக இழுபடும். ஆகவே குழாய் இருக்கைக்கு அண்மையில் அமைக. சாரதியை இருக்கையில் அமர்த்திய பின்னரே குழாயின் உயரத்தைத் துணிதல் வேண்டும்.